எழுதாமல் படிக்கிறவர்கள்

2019-ஆம் வருடக் கடைசியில் எங்கள் வாட்ஸ்அப் குரூப்பில் 256 பேர் நிறைந்துவிட்டார்கள். அப்போது ஒரு குரூப்புக்கு அவ்வளவுதான் இடம். வெளியே பதினைந்து பேருக்கு மேல் காத்திருந்தார்கள். எல்லோரும் டைப் 1 சர்க்கரை நோய் வந்த குழந்தைகளின் பெற்றோர். அதில் பாதிப் பேர் அந்த வாரம்தான் பிள்ளையை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கூட்டி வந்தவர்கள். சிரிஞ்சைக் கையில் எடுத்தாலே நடுக்கம் வருகிற நாட்கள் அவை. அவர்களைக் காக்க வைக்க மனம் வரவில்லை. அதனால் அட்மின்கள் மூன்று பேரும் பேசி, ஒரு வருடமாக ஒரு வார்த்தைகூட எழுதாத 20 பேரைத் தேடிப் பிடித்து நீக்கினோம். இவர்களுக்குக் குரூப் தேவைப்படவில்லை போல என்று நினைத்துக்கொண்டோம்.

அன்று சாயங்காலமே ஒருவர் கூப்பிட்டார். விருதுநகர் பக்கத்துக்காரர், லாரி ஓட்டுகிறவர்.

"மேடம், நான் ஏதாச்சும் தப்பாப் போட்டுட்டேனா?"

இல்லை, நீங்கள் எதுவுமே போடவில்லை, அதனால்தான் எடுத்தோம் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

"எனக்கு டைப் பண்ண வராது மேடம். ஆனா ராத்திரி எங்க வண்டிய நிறுத்துனாலும் முதல்ல இதைத்தான் பாப்பேன். பாப்பாவுக்குச் சுகர் இறங்கிட்டா என்ன செய்யணும்னு வீட்டுல நான் சொல்லிக் குடுத்ததே இதைப் படிச்சுத்தான்."

மன்னிப்புக் கேட்டு அப்போதே திரும்பச் சேர்த்தேன். மற்ற 19 பேரையும் ஒவ்வொருவராக விசாரித்துச் சேர்த்தோம். புதியவர்களுக்கு இரண்டாவது குரூப் ஒன்று தொடங்கினோம். ஆனால் அந்த அண்ணன் சொன்னதன் முழு அர்த்தம் எனக்குப் புரிய இன்னும் இரண்டு வருடம் ஆயிற்று. அதற்குள் ஒரு சிறுவன் ஐசியூ வரை போய் வந்துவிட்டான்.

என் மகளுக்கு நோய் தெரிய வந்தது 2017-இல், ஆறு வயதில். டைப் 1 என்பது பெரியவர்களுக்கு வரும் சுகர் மாதிரி இல்லை. உடம்பின் எதிர்ப்பு சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிடுகிறது. சாப்பாட்டைக் குறைத்தோ மாத்திரை போட்டோ சமாளிக்க முடியாது. வாழ்நாள் முழுக்க இன்சுலின் வேண்டும். மதுரையில் எங்கள் தெருவில், என் அலுவலகத்தில், சொந்தத்தில் என்று எங்கு விசாரித்தும் இப்படி ஒரு குழந்தை யாருக்கும் தெரியவில்லை. ஆஸ்பத்திரி வராந்தாவில் பழக்கமான நான்கு அம்மாக்கள் சேர்ந்து 2018-இல் ஆரம்பித்ததுதான் இந்தக் குரூப். அட்மின் என்றால் ஆள் சேர்க்கிறவர், காலை வணக்கப் படம் போட்டால் கண்டிக்கிறவர் என்ற அளவில்தான் அன்றைக்கு எனக்கு விவரம்.

2021-இல் ஒரு நாள் மத்தியானம் சேலத்திலிருந்து ஒரு அம்மா பெரிய மெசேஜ் ஒன்று போட்டார். தன் மகளுக்கு ஒரு மூலிகைப் பொடி கொடுக்க ஆரம்பித்ததாகவும், ஒரு மண்டலம் முடிவதற்குள் 22 யூனிட் இன்சுலின் 5 யூனிட்டாகக் குறைந்துவிட்டதாகவும், அடுத்த மண்டலத்தில் ஊசியையே நிறுத்திவிடலாம் என்று பொடி கொடுத்தவர் சொல்லியிருப்பதாகவும் எழுதியிருந்தார். கூடவே டைரியில் குறித்த சுகர் அளவுகளின் போட்டோவும் இருந்தது. எண்கள் எல்லாம் அருமையாக இருந்தன.

அந்த அம்மா பொய் சொல்லவில்லை. வியாபாரியும் இல்லை. அவர் பார்த்தது உண்மையாகவே நடந்த ஒன்று. நோய் தெரிந்து இன்சுலின் போடத் தொடங்கிய சில வாரங்களில், கணையத்தில் மிச்சமிருக்கும் செல்கள் கொஞ்சம் தெம்பாகி மறுபடி சுரக்கும். நிறையக் குழந்தைகளுக்கு இது நடக்கிறது. அப்போது ஊசி அளவு மளமளவென்று குறையும். டாக்டர்கள் இதைத் தேனிலவுக் காலம் என்பார்கள். சில வாரம், சில மாதம், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் நீடிக்கும். அப்புறம் முடிந்துவிடும். அந்தச் சமயத்தில் பொடி கொடுத்தால் பொடி வேலை செய்த மாதிரியும், நேர்த்திக்கடன் வைத்தால் சாமி இறங்கி வந்த மாதிரியும் தெரியும். என் மகளுக்கும் 14 யூனிட்டிலிருந்து 4 வரை இறங்கியது. அந்த நாட்களில் நானும் ரகசியமாக நம்பியிருக்கிறேன்.

ஆனால் அன்றைக்கு இதையெல்லாம் யாரும் நிதானமாகச் சொல்லவில்லை. ஐந்து நிமிடத்தில் குரூப் கொதித்துவிட்டது. "குழந்தையக் கொல்லப் பாக்குறீங்களா", "படிச்சவங்கதானே நீங்க", "போலீஸ்ல சொல்லணும் இவங்கள மாதிரி ஆளுங்கள" என்று எண்பது மெசேஜுக்கு மேல் வந்து விழுந்தன. அதில் பத்தாவது என்னுடையதாக இருக்கும். எனக்கும் கோபம். அட்மின்கள் மூவருமே எழுதினோம். அந்த அம்மா இரண்டு தடவை பதில் சொல்லப் பார்த்தார், பிறகு நிறுத்திக்கொண்டார். அழைத்துப் பார்த்தேன், எடுக்கவில்லை.

அவர் போட்டதை அழிக்க எங்களுக்கு வழியும் இல்லை. அடுத்தவர் போட்ட மெசேஜை அட்மின் அழிக்கும் வசதி வாட்ஸ்அப்பில் அப்போது கிடையாது. போட்டவரேதான் அழிக்க வேண்டும், அதுவும் ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்குள். ஆளைக் குரூப்பிலிருந்து எடுத்தாலும் எழுதியது அங்கேயேதான் இருக்கும். கையில் இருந்தது வார்த்தை மட்டும்தான். அதையும் திட்டுவதற்கே செலவழித்துவிட்டோம்.

ஒரு வாரத்துக்குப் பிறகு ஒரு அப்பா என்னைத் தனியாக அழைத்தார். குரூப்பில் ஒன்பது மாதமாக இருந்தவர், ஒரு வரிகூட எழுதியதில்லை. மகனுக்கு ஒன்பது வயது. அந்தப் பொடிக்காரரின் நம்பரை எப்படியோ தேடி வாங்கி, பையனுக்கு ராத்திரி போடும் நீண்ட நேர இன்சுலினை இரண்டு நாள் நிறுத்திப் பார்த்திருக்கிறார். முதலில் வாந்தி, வயிற்று வலி. ஓட்டல் சாப்பாடு சேரவில்லை என்று நினைத்திருக்கிறார்கள். அப்புறம் மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் இழுத்திருக்கிறது, வாயில் பழுத்த பழ வாசனை, பிள்ளை மயங்க ஆரம்பித்திருக்கிறான். இன்சுலின் இல்லாமல் இரத்தம் அமிலமாகும் நிலை அது, டிகேஏ. நான்கு நாள் ஐசியூ. அன்றைக்குத்தான் வார்டுக்கு மாற்றியிருந்தார்கள்.

பிழைத்துவிட்டான் என்று கேட்ட பிறகுதான் எனக்குப் பேச்சு வந்தது. "அண்ணா, அத்தனை பேர் தப்புன்னு எழுதினோமே, அதைப் பார்க்கலையா?" என்று கேட்டேன்.

"பாத்தேன் மேடம். எல்லாத்தையும் பாத்தேன். அத்தனை பேரு சேந்து அந்தம்மாவ ஏறி அடிச்சீங்க. ஒருத்தர்கூட ஏன் தப்புன்னு சொல்லல. உண்மை ஏதோ இருக்கப் போய்த்தான் இப்படிப் பயப்படுறாங்கன்னு நெனச்சேன்."

பல மாதம் எனக்கு இந்த வாக்கியம்தான் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சேலத்து அம்மாவைத் தோற்கடிப்பதற்காக நாங்கள் எழுதினோம். படித்துக்கொண்டிருந்தவர் வேறு ஒருவர். அவருக்கு என்று யாரும் ஒரு வரி எழுதவில்லை. குரூப்பில் எழுதுபவர்கள் எப்போதும் முப்பது, நாற்பது பேர். மற்ற அத்தனை பேரும் வாசலில் நின்று உள்ளே நடப்பதைப் பார்க்கிறவர்கள். அட்மினின் வேலை பெரும்பாலும் அவர்களுக்கானது என்பதை அந்தப் பையனின் அப்பாதான் எனக்குக் கற்றுத் தந்தார்.

அதற்குப் பிறகு எங்கள் முறையை அடியோடு மாற்றினோம். ஆபத்தான மெசேஜ் வந்தால் முதலில் பார்க்கிற அட்மின் குரூப்பை அட்மின் மட்டும் எழுதும்படி மூடிவிடுவார். கூட்டமாகத் திட்டுவதற்கு இடமே இருக்காது. மூடியதும் ஒரே ஒரு பதில். அது மெசேஜ் போட்டவருக்கு இல்லை, படிக்கிறவருக்கு. அதில் தப்பு என்ற வார்த்தைக்கு முன்னால் காரணம் வந்துவிட வேண்டும். நான் அன்றைக்கே எழுதியிருக்க வேண்டிய பதிலைப் பிறகு உட்கார்ந்து எழுதி வைத்தேன். இன்றைக்கும் அதைத்தான் பயன்படுத்துகிறோம்:

"இவர் சொல்வது போல அளவு குறைவது உண்மை. உங்கள் பிள்ளைக்கும் குறையலாம். இன்சுலின் போட ஆரம்பித்த பிறகு கணையம் கொஞ்ச காலம் கைகொடுக்கும், அப்புறம் நின்றுவிடும். அந்தக் காலத்திலும் டாக்டர் சொன்ன அளவு, அது 2 யூனிட்டாக இருந்தாலும், போட வேண்டும். 1922 ஜனவரியில் டொராண்டோவில் லெனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாக இன்சுலின் போட்டார்கள். அதற்கு முன்னால் இந்த நோய் வந்த குழந்தைகள் ஓரிரு வருடத்துக்கு மேல் இருந்தது அரிது. அப்போதும் உலகம் முழுக்க மூலிகைகளும் பத்தியமும் இருந்தன. நிறுத்தலாமா என்று யோசனை இருந்தால் நிறுத்துவதற்கு முன் எனக்குப் போன் செய்யுங்கள். திட்ட மாட்டேன்."

இதைப் போட்ட பிறகு மெசேஜ் போட்டவரைக் கூப்பிட்டுப் பேசுவோம். பேசி முடித்து, பெரும்பாலும் அரை மணியில், குரூப்பைத் திறப்போம். கடைசி வரியான 'திட்ட மாட்டேன்' என்பதைப் பார்த்துத்தான் நிறையப் பேர் போன் செய்கிறார்கள். இந்த நான்கு வருடத்தில் அப்படி வந்த அழைப்புகளில் பதினோரு பேர் ஏற்கெனவே ஊசியைக் குறைக்க ஆரம்பித்திருந்தவர்கள். குரூப்பில் எந்தத் தகராறும் இல்லாத அமைதியான நாட்களிலும் இந்தப் போன்கள் வந்துகொண்டுதான் இருந்தன.

சேலத்து அம்மாவை நாங்கள் நீக்கவில்லை. நீக்க வேண்டும் என்று நிறையப் பேர் கேட்டார்கள். நீக்கியிருந்தால் அவர் மகளுக்குத் தேனிலவுக் காலம் முடியும்போது அவர் பக்கத்தில் ஒருவரும் இருந்திருக்க மாட்டார்கள். ஐந்து மாதம் கழித்து அது முடிந்தது. அதற்குள் நான் வாரம் ஒரு முறையாவது அவரிடம் பேசிக்கொண்டிருந்ததால் ஊசி அளவை உடனே டாக்டரிடம் கேட்டு ஏற்றிக்கொண்டார். பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லை. குரூப்பில் எல்லோர் முன்னாலும் அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். திட்டிய மற்றவர்களில் சிலரும் கேட்டார்கள். அடுத்த நாள் அவரே நடந்ததை எல்லாம் எழுதினார். டாக்டர்கள் சொல்லியும் கேட்காதவர்கள் அவர் எழுதியதைப் படித்துக் கேட்டிருக்கிறார்கள்.

யூனிட் கணக்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். "பாப்பாவுக்கு 340 காட்டுது, எவ்வளவு போடலாம்?" என்று நடுராத்திரியில் யாராவது கேட்பார்கள். உதவ வேண்டும் என்ற நல்ல மனசில் உடனே யாராவது "என் பையனுக்கு 6 போடுவேன்" என்று எழுதுவார்கள். இதை நாங்கள் கண்டிப்பாக நிறுத்தினோம். ஒரே வயதுக் குழந்தைகளுக்குக்கூட ஒரு யூனிட் ஒரே அளவில் சுகரை இறக்காது. அதோடு நம் ஊரில் இன்னொரு சிக்கல் உண்டு. பாட்டிலில் வரும் இன்சுலின் பெரும்பாலும் மில்லிக்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். பேனாவில் போடும் இன்சுலின் பெரும்பாலும் 100 யூனிட், அந்த அளவுக்கான சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். குரூப்பில் ஒருவர் எழுதும் '10' என்ற எண், படிக்கிறவர் வீட்டு ஃபிரிட்ஜில் எந்த மருந்து இருக்கிறதோ அதற்கேற்ப வேறு வேறாகிவிடும். இது தெரிந்த பிறகு எங்கள் குரூப்பில் யாரும் யாருக்கும் எண் சொல்வதில்லை. இப்போது சிலர் ஏஐ ஆப்பில் கேட்டு அதன் பதிலைப் போட்டோவாகப் போடுகிறார்கள். அதற்கும் இதே விதிதான்.

எண் சொல்லக் கூடாது என்றால் கேட்டவரை அந்தரத்தில் விட்டுவிட முடியுமா? அதற்கும் பழக்கம் வைத்திருக்கிறோம். சுகர் 70-க்குக் கீழே, பிள்ளைக்கு நினைவு இருக்கிறது என்றால் மூன்று டீஸ்பூன் சர்க்கரை கரைத்துக் கொடுங்கள், 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நினைவு இல்லையென்றால் வாயில் எதுவும் ஊற்றாதீர்கள், உடனே 108. சுகர் ஏறியிருந்து வாந்தியோ வேகமான மூச்சோ இருந்தால் காலை வரை காத்திருக்காமல் ஆஸ்பத்திரி. இந்த மூன்றையும் அட்மின் யார் வேண்டுமானாலும் உடனே எழுதலாம். வேறு எதுவும் கேட்டால் "உங்கள் டாக்டர் நம்பர் இருக்கிறதா, இல்லையென்றால் பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரி" என்றுதான் பதில் போகும்.

நடுராத்திரிக்கு ஆள் வேண்டுமே என்று ரொம்ப நாள் திண்டாடினோம். மூன்று அட்மின்களும் தமிழ்நாட்டில், மூவர் வீட்டிலும் இந்த நோயோடு ஒரு பிள்ளை. கடைசியில் டொராண்டோவில் இருக்கும் யாழ்ப்பாணத்துத் தங்கை ஒருவர் தானாக முன்வந்தார். அவருடைய மகனுக்கும் இதே நோய். நமக்கு ராத்திரி இரண்டு மணி என்றால் அங்கே பின்மதியம். "அக்கா, நீங்கள் படுங்கோ, நான் பாக்கிறன்" என்று அவர் முதல் நாள் எழுதியபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. ஐந்து வருடத்துக்குப் பிறகு போனைப் பக்கத்து அறையில் வைத்துவிட்டுத் தூங்கினேன். குரூப் நடத்துகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான். வேறு நேரத்தில் விழித்திருக்கிற ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். வெளிநாட்டில் ஆள் இல்லையென்றால் நைட் ஷிப்ட் போகிறவர் ஒருவராவது இருப்பார்.

2022-இல் இரண்டு மாற்றம் வந்தது. ஒரு குரூப்பில் முதலில் 512 பேர், பிறகு 1,024 பேர் வரை சேர்க்கலாம் என்றார்கள். எங்களுடைய இரண்டு குரூப்பையும் ஒன்றாக்கினோம், இப்போது 400 பேருக்கு மேல் இருக்கிறோம். இன்னொன்று, அட்மினே எந்த மெசேஜையும் எல்லோருக்கும் அழித்துவிடலாம் என்ற வசதி. கையில் அது கிடைத்ததும் நான் நிறையவே அழித்தேன். ஜோசியம், அரசியல், காலை வணக்கம், சுகர் பார்க்கும் ஸ்ட்ரிப் விற்பனை எல்லாம் போயிற்று. அதில் எனக்கு வருத்தம் இல்லை.

ஆனால் ஒரு ராத்திரி ஒரு அம்மா, "தூங்குற புள்ளைய எழுப்பி விரல்ல குத்தும்போது சில நேரம் இவள ஏன்தான் பெத்தேன்னு இருக்கு" என்று எழுதியிருந்தார். காலையில் பார்த்தேன். புதியவர்கள் படித்தால் பயந்துவிடுவார்கள் என்று நினைத்து அழித்தேன். அட்மின் நீக்கினார் என்று என் பெயரோடு ஒரு தடம் மட்டும் அங்கே நின்றது. மத்தியானம் அவர் குரூப்பிலிருந்து போய்விட்டார்.

அழைத்தேன். மூன்றாவது தடவை எடுத்தார். "இந்த ஒரு எடத்துலதான் அக்கா அழ முடியும்னு நெனச்சேன். அதையும் அழிச்சிட்டீங்க" என்றார். எவ்வளவு கேட்டும் திரும்ப வரவில்லை. இன்றுவரை வரவில்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அவருக்குத் தனியாக மெசேஜ் அனுப்புகிறேன், பதில் வருகிறது, அவ்வளவுதான்.

என் பக்கத்து நியாயம் எனக்குத் தெரியும். படிக்கிற நானூறு பேரை நினைத்துத்தான் செய்தேன். ஆனால் அந்த நானூறு பேரில் எத்தனை பேருக்கு அதே எண்ணம் வந்து, இது தனக்கு மட்டும்தான் தோன்றுகிறது, நான் கெட்ட தாய் என்று குமைந்திருப்பார்கள்? அவர்களுக்கு அந்த வரி தேவையாக இருந்திருக்கும். இப்போது வேதனையை எழுதினால் நாங்கள் தொடுவதில்லை. அட்மின் ஒருவர் அடியில் "எனக்கும் இப்படி இருந்திருக்கிறது" என்று எழுதுவார், அது உண்மையாக இருந்தால் மட்டும். அதற்கு அப்புறம் தனியாகக் கூப்பிட்டு, வீட்டில் துணைக்கு ஆள் இருக்கிறார்களா, உங்களுக்கு ஏதாவது செய்துகொள்ளும் எண்ணம் இருக்கிறதா என்று நேராகவே கேட்போம். கேட்கத் தயங்கக் கூடாது.

வேறு எதையாவது அழித்தால் அழித்த ஐந்து நிமிடத்துக்குள் ஏன் என்று போட்டவருக்குத் தனியாகச் சொல்லிவிட வேண்டும் என்பதும் அன்றிலிருந்து வந்த வழக்கம். ஆபத்தான மெசேஜை எந்த அட்மினும் தனியாகவே முடிவெடுத்து அழிக்கலாம். ஆனால் ஒரு ஆளை நீக்குவதென்றால் இரண்டு அட்மின்கள் சம்மதிக்க வேண்டும், அதுவும் ஒரு ராத்திரி கழிந்த பிறகு. கோபத்தில் இருக்கும் அட்மினிடம் அந்தப் பொத்தான் இருக்கக் கூடாது. நானே ஒரு முறை ஒருவரைச் சட்டென்று நீக்கிவிட்டு மற்ற இருவரிடமும் பேச்சு வாங்கியிருக்கிறேன், அவர்கள் சொன்னது சரிதான்.

விதிவிலக்கு வியாபாரிகள். பெற்றோர் போல உள்ளே வந்து, ஒரு மாதம் பழகி, பிறகு தனி மெசேஜில் சர்க்கரையை வேரோடு எடுக்கும் கஷாயம் விற்பவர்கள் உண்டு. குணமாக்கும் என்று விளம்பரம் செய்யவே கூடாத நோய்களின் பட்டியல் ஒன்று 1954-ஆம் வருட மத்திய சட்டத்தில் இருக்கிறது. சர்க்கரை நோய் அதில் உண்டு. இவர்களுக்கு நாங்கள் ஒரு ராத்திரி எல்லாம் கொடுப்பதில்லை. இதைத் தடுக்க, சேர வருகிறவர்களிடம் போனில் இரண்டு நிமிடம் பேசுகிறோம். பிள்ளைக்கு எந்த வயதில் தெரிந்தது, எந்த மூடி சிரிஞ்ச் என்று கேட்டால் போதும். உண்மையான பெற்றோர் தேதியோடு சொல்வார்கள். அந்த நாளை யாரும் மறப்பதில்லை.

யாராவது ஏதாவது போட்டு அட்மின் தலையில் கேஸ் விழுமா என்று என் வீட்டுக்காரர் ஆரம்பத்தில் பயந்தார். 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, ஒருவர் வெறும் குரூப் அட்மினாக மட்டும் இருந்திருந்தால் அவர் பெயரை வழக்கிலிருந்து எடுத்துவிடும்படி போலீசுக்குச் சொன்னது. கேரள உயர் நீதிமன்றமும் 2022 பிப்ரவரியில் உறுப்பினர் போடுவதற்கு அட்மின் பொறுப்பாக மாட்டார் என்று தீர்ப்பளித்தது. அதைப் படித்து அவர் சமாதானமானார். எனக்கு என்னவோ அதில் பெரிய நிம்மதி கிடைக்கவில்லை. அந்தப் பையனின் நான்கு நாள் ஐசியூவுக்கு எந்தக் கோர்ட்டும் என்னைக் கேட்கப் போவதில்லை. ஆனால் அந்தப் பதிலை எழுதாமல் விட்டவள் நான்தான்.

எங்களால் சரிசெய்ய முடியாமல் போனதும் ஒன்று உண்டு. ஒரு பெண் பிள்ளையைப் பற்றி அவளுடைய அம்மா பெயரோடு எழுதியதை யாரோ ஸ்கிரீன்ஷாட் எடுத்து வெளியே அனுப்பிவிட்டார்கள். ஒரு வாரத்தில் அவள் வகுப்பு முழுக்கத் தெரிந்துவிட்டது. மதிய வேளையில் ஊசி போட அவள் ஒதுங்கும்போது பிள்ளைகள் பின்னாலேயே போய்ப் பார்த்திருக்கிறார்கள். பெண் பிள்ளை, நாளைக்கு வரன் பார்க்கும்போது இதுவே பேச்சாகுமே என்று அந்த வீட்டில் அழுதார்கள். யார் அனுப்பியது என்று கண்டுபிடிக்க முடியவில்லை. கண்டுபிடிப்போம் என்று பொய்யாகச் சொல்லவும் மனம் வரவில்லை. குரூப்பில் நடந்ததை அப்படியே எழுதி, இங்கே எழுதுவது வெளியே போகாது என்று எங்களால் உறுதி தர முடியாது என்று ஒப்புக்கொண்டேன். இருபது பேர் விலகினார்கள். அந்த உண்மையைச் சேரும்போதே சொல்லியிருந்தால் அந்த அம்மா மகளின் பெயரை எழுதியிருக்க மாட்டார்.

போன வருடம் ஒரு சாயங்காலம், ஈரோட்டில் ஒரு அம்மாவுக்கு, பிள்ளையின் சுகர் இறங்கி லோ ஆனால் என்ன செய்வது என்று விளக்கி எழுதிக்கொண்டிருந்தேன். மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து "அம்மா, கை நடுங்குது" என்றாள். 'ஒரு நிமிஷம்' என்று சொல்லிவிட்டு எழுதி முடித்தேன். பிறகு பார்த்தால் அவளுக்கு 58. ஒன்றும் ஆகவில்லை, சர்க்கரைத் தண்ணீர் குடித்துச் சரியாகிவிட்டாள். ஆனால் அந்த மாதம் முழுவதும் நான் குரூப்பை மற்றவர்களிடம் கொடுத்துவிட்டு விலகி இருந்தேன். இப்போது அட்மின்கள் ஆறு பேர். ஒவ்வொருவருக்கும் வருடத்தில் இரண்டு மாதம் கட்டாய விடுப்பு. விடுப்பில் இருப்பவரிடம் குரூப் விஷயம் பேசவே கூடாது. முதல் முறை விடுப்பில் போனபோது ஏதாவது தவறு நடந்துவிடும் என்று பதறினேன். நடக்கவில்லை. மற்றவர்கள் என்னைவிட நிதானமாகச் செய்திருந்தார்கள்.

புதிதாகச் சேர்கிறவர்களுக்கு இப்போது நாங்கள் தனியாக ஒரு மெசேஜ் அனுப்புகிறோம். டைப் பண்ண வராதவர்களுக்காக அதையே குரல் பதிவாகவும் அனுப்புகிறோம். விருதுநகர் லாரிக்கார அண்ணனின் குரலில்தான் பதிவு செய்தோம். பல தடவை திருத்தி, இப்போது இப்படி இருக்கிறது:

"வணக்கம். நீங்க இங்க எதுவும் எழுத வேண்டாம், படிச்சாலே போதும். எழுதலன்னு யாரும் உங்கள எடுக்க மாட்டாங்க. இன்சுலின் அளவு யாரு சொன்னாலும், நல்ல மனசோட சொன்னாலும், கேக்காதீங்க. ஊசிய நிறுத்தலாம்னு எண்ணம் வந்தா நிறுத்துறதுக்கு முன்னாடி கீழ இருக்குற ஆறு நம்பர்ல ஒண்ணுக்குக் கூப்பிடுங்க, ராத்திரியா இருந்தாலும் பரவாயில்ல. அழணும்னா இங்கயே அழலாம். இங்க எழுதுறது வெளிய போகாதுன்னு எங்களால சொல்ல முடியாது, அதனால புள்ளையோட பேர மட்டும் எழுதாதீங்க."